எண்ணைப் பார்த்த தாய்: 29 வாரத்தில் பிறந்த குழந்தை வீடு திரும்பிய பின் நடந்தவை – ஒரு நிகழ்வு ஆய்வு

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் குறைமாதக் குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் குழுவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். குடும்பத்தினரின் சம்மதத்துடன் இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். நாங்கள் செய்த தவறுகளை மட்டும் விடவில்லை.

பின்னணி

தாயின் இரத்த அழுத்தம் மருந்துக்குக் கட்டுப்படாமல் போனதால், 29 வாரம் நிறைந்த அன்று அறுவை சிகிச்சை மூலம் பெண் குழந்தை பிறந்தது. எடை 1,140 கிராம். நுரையீரல் விரிய உதவும் சர்ஃபாக்டன்ட் மருந்து ஒரு முறை, மூக்கு வழியே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் சீபேப் ஒன்பது நாள், அதன் பின் சில நாள் குறைந்த அளவு ஆக்சிஜன் என மூச்சுக்கான சிகிச்சை பெரிய சிக்கலின்றி முடிந்தது. மூளை ஸ்கேனில் இரத்தக் கசிவு இல்லை. மூச்சு நின்றுபோகும் நிகழ்வுகளுக்காகக் கொடுத்த காஃபீனை நிறுத்தி, ஏழு நாட்கள் அப்படி ஒன்றும் நிகழாததைப் பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்பினோம். பிறந்து 57ஆம் நாள், கர்ப்ப வாரக் கணக்கில் 37 வாரமும் ஒரு நாளும் ஆனபோது, 2,060 கிராம் எடையுடன், தாய்ப்பாலை நேரடியாகக் குடித்துக்கொண்டு குழந்தை வீட்டுக்குப் போனாள்.

மருத்துவக் கணக்கில் இது சிக்கலற்ற டிஸ்சார்ஜ். எங்கள் வாராந்தரக் கூட்டத்தில் இந்தக் குழந்தையைப் பற்றிப் பேச ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தாய்க்கு இதற்கு முன் ஒரு கரு கலைந்திருக்கிறது. தந்தை காலையில் வேலைக்குப் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவார். வீட்டில் தாயின் மாமியார் உடனிருந்தார். 57 நாட்களும் தாய் ஒரு நாள் தவறாமல் பிரிவுக்கு வந்தார், கேட்டதைக் குறித்துக்கொண்டார், எதற்கும் குரல் உயர்த்தவில்லை. இப்படிப்பட்ட தாயைப் பிரிவில் எல்லோரும் 'நல்ல அம்மா' என்று சொல்வார்கள். தொந்தரவு தராதவர் என்பதே அந்தச் சொல்லுக்கு அங்கே பொருள் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பிய நாள்

டிஸ்சார்ஜுக்கு முன் தாயும் குழந்தையும் ஓர் இரவு தனி அறையில், மானிட்டர் இல்லாமல், அழைத்தால் செவிலியர் வரக்கூடிய தொலைவில் தங்குவது எங்கள் வழக்கம். அன்று அந்த அறையில் வேறொரு குடும்பம் இருந்தது. நன்றாகத் தேறிய குழந்தைதானே என்று அந்த இரவைத் தவிர்த்துவிட்டோம். மருந்து, பால், உடல் சூடு, மல்லாந்து படுக்கவைத்தல், அபாய அறிகுறிகள், அடுத்த பரிசோதனைகள் எல்லாவற்றையும் நாற்பது நிமிடத்தில் சொல்லி, ஆறு பக்க டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் கையில் கொடுத்தோம். தந்தை பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தார். தாய் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார்.

இரண்டாம் நாள் தொலைபேசியில் அழைத்தோம். "எல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டோம். "நல்லா இருக்கோம் சிஸ்டர்" என்றார். அந்தப் பதிலைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டோம். ஐந்தாம் நாளுக்குள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். குழுவில் ஒருவர் விடுப்பில் இருந்ததால் ஒன்பதாம் நாள்தான் போக முடிந்தது.

ஒன்பதாம் நாள் கண்டவை

குழந்தையின் எடை 2,130 கிராம். ஒன்பது நாளில் எழுபது கிராம், அதாவது நாளொன்றுக்கு எட்டு கிராமுக்கும் குறைவு. இந்தப் பருவத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை கூடும் என்று எதிர்பார்ப்போம். குழந்தை சுறுசுறுப்பாக இருந்தாள். நிறம் நன்றாக இருந்தது. உடல் வெப்பநிலை 36.8 டிகிரி செல்சியஸ். சிறுநீர் போவதும் போதுமானதாகவே இருந்தது.

பால் எத்தனை முறை கொடுக்கிறீர்கள் என்று கேட்டபோது, தாய் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பத்திகள் பிரித்திருந்தார். நேரம், பால், மூச்சு, ஆக்சிஜன், நாடித்துடிப்பு, சிறுநீர், மலம் என்று இருந்த அந்த வரிசை எனக்குப் பழக்கமாகத் தோன்றியது. எங்கள் பிரிவில் ஒவ்வொரு படுக்கையின் காலடியிலும் தொங்கும் தாளின் வரிசை அது. பார்த்துப் பார்த்து மனப்பாடமாகி, வீட்டில் அப்படியே வரைந்திருக்கிறார். இரவு இரண்டு மணி, இரண்டே கால், இரண்டரை என்று பக்கம் பக்கமாகப் பதிவுகள் இருந்தன. ஒன்பது நாட்களில் எந்த இரண்டு பதிவுகளுக்கும் இடையே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இல்லை.

ஆக்சிஜன் பத்தியில் எண்கள் எப்படி வந்தன என்று கேட்டேன். தந்தை வாங்கிவந்திருந்த, இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைக் காட்டினார். பெரியவர்களின் விரலில் மாட்டும் கிளிப் அது. அதைக் குழந்தையின் பாதத்தில் பொருத்தி, நழுவாமலிருக்கத் துணியால் சுற்றியிருந்தார்கள்.

பால் கொடுப்பதைப் பார்க்கலாமா என்று கேட்டு, அருகில் உட்கார்ந்தேன். குழந்தை நன்றாகப் பற்றிக்கொண்டாள், விழுங்கும் ஓசையும் கேட்டது. இரண்டு நிமிடத்தில் காலை உதைத்தாள். கருவியில் 96 ஆக இருந்த எண் 81 ஆனது. தாய் உடனே குழந்தையை மார்பிலிருந்து விலக்கி, நிமிர்த்திப் பிடித்து, முதுகைத் தேய்த்தார். குழந்தையின் உதடுகள் ரோஜா நிறத்திலேயே இருந்தன. எண் ஏறியதும் மறுபடி பால் கொடுத்தார், மறுபடி எண் இறங்கியது. இருபத்திரண்டு நிமிடங்களில் இப்படி ஐந்து முறை நடந்தது. ஐந்தாவது முறைக்குப் பின் குழந்தை களைத்துத் தூங்கிவிட்டாள். நோட்டில் "22 நிமிடம்" என்று எழுதப்பட்டது. குழந்தை உண்மையில் பால் உறிஞ்சியது எட்டு நிமிடம்கூட இருக்காது.

நாங்கள் கொண்டுபோயிருந்த, குழந்தைகளுக்கான சென்சார் உள்ள ஆக்சிமீட்டரை அடுத்த காலில் பொருத்திப் பார்த்தேன். வீட்டுக் கருவி 79 காட்டிய கணத்தில் எங்கள் கருவி 97 காட்டியது. பெரியவர் விரலுக்கான கிளிப் சிசுவின் பாதத்தில் சரியாகப் படியாது. கால் அசையும்போது ஒளி சிதறி எண் தவறாக விழும்.

இதைக் கண்டுபிடித்த பெருமை எனக்கு உரியதன்று. நான் வீட்டுக்குள் நுழைந்த உடனே மாமியார் ஒன்று சொல்லியிருந்தார்: "பிள்ளை மூஞ்சிய அவ பாக்குறதே இல்ல சிஸ்டர், அந்தப் பொட்டியத்தான் பாக்குறா." மருமகளைப் பற்றிய குறை என்று எண்ணி, சிரித்தபடி பேச்சை மாற்றினேன். அரை மணி நேரம் கழித்து நான் கண்டறிந்ததும் அதையேதான்.

தவறிய கண் பரிசோதனை

அன்றே வேறொன்றும் தெரியவந்தது. அந்தக் குடும்பத்துக்கு மிகப் பெரிய இழப்பாக முடிந்திருக்கக்கூடியது அதுதான்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருப்பதில்லை. வெளியுலகில் வளரும்போது அவை தாறுமாறாகப் படர்ந்தால் விழித்திரையே பிரிந்து பார்வை போகலாம். குறித்த காலத்தில் கண்டால் லேசர் மூலமோ, கண்ணுக்குள் போடும் ஊசி மூலமோ பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். காலம் தவறினால் சில வாரங்களில் அந்த வாய்ப்பு போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் எதுவும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

இக்குழந்தைக்கு 28ஆம் நாளும் 42ஆம் நாளும் பரிசோதனை நடந்தது. மூன்றாவது, கண் மருத்துவர் வரும் நாள் மாறியதால், வீடு போன மூன்றாம் நாளுக்குத் தள்ளிப்போனது. டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நான்காம் பக்கத்தில், இரத்தப் பரிசோதனை முடிவுகளுக்குக் கீழே, ஒரு வரியில் அது இருந்தது. யாரும் போகவில்லை. "கண்ணு நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னாங்களே" என்றார் தாய். மருத்துவர் சொன்னது உண்மைதான்: இதுவரை நோய் இல்லை, குழாய்கள் இன்னும் வளர்ந்து முடியவில்லை என்பது முழுச் செய்தி. ஐம்பது நாள் பயத்தில் இருக்கும் ஒருவர் அதில் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்வார் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

அங்கிருந்தே கண் மருத்துவரை அழைத்து மறுநாள் காலைக்கு நேரம் வாங்கினேன். இரு கண்களிலும் இரண்டாம் நிலை மாற்றங்கள் இருந்தன. உடனடிச் சிகிச்சை தேவைப்படும் அளவில் இல்லை. வாரம் ஒரு முறை பார்க்கச் சொன்னார்கள். அடுத்த நான்கு பரிசோதனைகளில் அவை தாமாகவே பின்வாங்கின. கர்ப்ப வாரக் கணக்கில் 44ஆம் வாரத்தில் குழாய்கள் முழுதாக வளர்ந்துவிட்டதாக எழுதிக்கொடுத்தார்கள். ஒரு வாரத் தாமதத்துக்குப் பின்னும் கண் தப்பியதில் எங்கள் திறமை எதுவும் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எடை விஷயத்தில் குழுவில் கருத்து வேறுபாடு இருந்தது. தாய்ப்பாலில் சத்துப் பொடி கலந்து கொடுக்கத் தொடங்கலாம் என்றார் ஒரு மருத்துவர். பால் சுரப்பு போதுமாக இருந்தது, குழந்தைக்கு உறிஞ்சவும் தெரிந்தது, இடையில் புகுந்து கெடுத்தது கருவி மட்டுமே என்பதால் ஒரு வாரம் பொறுக்கலாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். ஏழாம் நாள் மறுபடி எடை பார்ப்பது, நாளுக்குச் சராசரியாக 20 கிராம் கூடாவிட்டால் அன்றே பொடியைத் தொடங்குவது என்ற நிபந்தனையுடன் அவர் ஒப்புக்கொண்டார். அதுவரை பகலில் இரண்டு முறை, நேரடியாகக் குடித்தபின், பீய்ச்சிய பாலைக் கூடுதலாகக் கொடுக்கச் சொன்னோம்.

ஆக்சிமீட்டரை என்ன செய்வது என்பதுதான் கடினமாக இருந்தது. மூச்சுப் பிரச்சினை தீர்ந்து வீடு திரும்பிய குழந்தைக்கு இத்தகைய கருவி திடீர் மரணத்தைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. எடுத்து வைத்துவிடுங்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் 57 நாட்கள் அந்த எண்ணைக் கொண்டே குழந்தை நலமா இல்லையா என்று அவருக்குச் சொல்லிவந்தவர்கள் நாங்கள். அலாரம் அடித்தால் முதலில் திரையைப் பார்ப்பதும் நாங்கள்தான், அதை அவர் பார்த்துக் கற்றார். கையில் வேறொன்றைக் கொடுக்காமல் இருந்த ஒன்றைப் பிடுங்கினால், அன்றிரவு குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது.

எனவே இரண்டு விதிகளை மட்டும் வைத்தோம். பால் கொடுக்கும்போது கருவி கூடாது. மற்ற நேரத்தில் பார்க்க வேண்டுமென்று தோன்றினால், முதலில் முழுதாக ஒரு நிமிடம் குழந்தையைப் பார்த்து, உதட்டின் நிறம், மூச்சின் எண்ணிக்கை, விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்பதை நோட்டில் எழுதிய பின்பே கருவியை மாட்ட வேண்டும். அன்று தூங்கும் குழந்தையின் அருகே நாங்கள் மூவரும் உட்கார்ந்து எண்ணினோம். சில வேகமான மூச்சுகள், பிறகு ஐந்தாறு நொடி அமைதி, மறுபடி மூச்சு. அந்த அமைதியின்போது தாய் என் கையைப் பற்றினார். குறைமாதக் குழந்தைகள் சில காலம் இப்படித்தான் மூச்சு விடுவார்கள் என்றும், இருபது நொடிக்கு மேல் நின்றாலோ, அதற்குள்ளாகவே நிறம் மாறினாலோ, உடல் துவண்டாலோதான் ஆபத்து என்றும் சொன்னேன். டிஸ்சார்ஜ் அன்றும் இதே வாக்கியங்களைச் சொல்லியிருக்கிறோம். அன்று பார்க்க எதிரில் மூச்சு இருக்கவில்லை, காகிதம்தான் இருந்தது.

பதினாறாம் நாள்

எடை 2,290 கிராம். ஏழு நாளில் 160 கிராம் கூடியிருந்ததால் சத்துப் பொடி தேவைப்படவில்லை. நோட்டில் ஆக்சிஜன் பத்தி, எங்கள் முந்தைய வருகையிலிருந்து ஐந்தாம் நாளுக்குப் பிறகு காலியாக இருந்தது. கருவியை பாட்டரி கழற்றி அலமாரியில் வைத்துவிட்டதாகச் சொன்னார். நாங்கள் கேட்டு அவர் செய்ததல்ல.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியவில்லை. சலவை இயந்திரம் வேலையை முடித்துப் பீப் என்று ஒலித்தபோது, பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் உறைந்துபோனதைப் பார்த்தேன். அன்று எடின்பரோ மனச்சோர்வு அளவுகோலின் பத்துக் கேள்விகளையும் கேட்டேன். 1987இல் வெளியான, பிரசவித்த பெண்களுக்கான எளிய கேள்வித்தாள் அது. மொத்தம் 30இல் 13 அல்லது அதற்கு மேல் வந்தால் கட்டாயம் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது பரவலான நடைமுறை. அவருக்கு 17. தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாவது கேள்விக்கு 'ஒருபோதும் இல்லை' என்றார். அதைத் தனியாக மறுபடியும் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

ஆறு நாளில் மனநல மருத்துவரைப் பார்த்தார். மனச்சோர்வும் அதனோடு கலந்த கடும் பதற்றமும் இருப்பதாகக் கண்டு, வாராந்தர ஆலோசனையோடு, தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குப் பரவலாகத் தரப்படும் செர்ட்ரலின் மாத்திரையும் தொடங்கினார்கள். பத்து வாரத்துக்குப் பின் அதே கேள்வித்தாளில் 8 வந்தது.

தந்தையைப் பற்றி

மாலை வருகையொன்றை வேண்டுமென்றே இரவு எட்டரைக்கு வைத்துக்கொண்டேன். அதுவரை தந்தையிடம் நாங்கள் பேசியதெல்லாம் கையெழுத்தும் கட்டணமும் பற்றித்தான். பிறந்ததிலிருந்து குழந்தையை மூன்று முறைதான் தூக்கியிருக்கிறார். "கை பெருசா இருக்கு, எங்கயாவது அழுத்திடுவேனோன்னு" என்று இழுத்தார். ஆக்சிமீட்டர் வாங்கியது ஏன் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அந்த வீட்டில் அவருக்குச் செய்ய முடிந்த ஒரே காரியம் அதுவாக இருந்திருக்கிறது.

1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத நிலையில் மருத்துவர் எட்கர் ரே தொடங்கிய, குழந்தையைத் தோலோடு தோலாக நெஞ்சில் அணைத்துவைக்கும் கங்காரு பராமரிப்பு, இன்று எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுப் பரிந்துரை, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை என்கிறது. எங்கள் பிரிவில் தாய் மட்டும் நாளுக்கு இரண்டு மணி நேரம் செய்தார். தந்தையை நாங்கள் ஒருமுறைகூட உட்காரவைக்கவில்லை.

அன்றிரவு சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, டயபர் மட்டும் அணிந்த குழந்தையை நெஞ்சில் நிமிர்த்திவைத்து, முகம் ஒருபுறம் திரும்பி மூக்கும் வாயும் தெரியும்படி துணியால் கட்டினேன். முதல் பத்து நிமிடம் தோள்களை இறக்காமல் விறைத்தே உட்கார்ந்திருந்தார். பிறகு குழந்தையின் மூச்சை அவராகவே எண்ணத் தொடங்கினார். தினமும் ஒன்பது மணி முதல் பன்னிரண்டு வரை அவர் நேரம் என்று முடிவாயிற்று. அந்த மூன்று மணி நேரமும் தாய் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். தந்தைக்குக் கண்ணைச் சொருகினால் குழந்தையைத் தட்டையான தனிப் படுக்கையில் மல்லாந்து கிடத்திவிட வேண்டும், நெஞ்சில் வைத்தபடி தூங்கிவிடக் கூடாது என்பதை மூன்று முறை சொன்னேன். மாத்திரை வேலைசெய்யத் தொடங்குமுன்பே தாயின் முகத்தில் மாற்றம் வந்தது, இந்தத் தூக்கத்தால் என்பது என் கணிப்பு. முப்பதாம் நாள் எடை 2,700 கிராம்.

தொடர்ந்து நடந்தவை

நாங்கள் உண்டாக்கிய இன்னொரு குழப்பம் வயதுக் கணக்கில் வெளிப்பட்டது. குழந்தை 11 வாரம் முன்கூட்டிப் பிறந்ததால், வளர்ச்சியை மதிப்பிடும்போது இரண்டு வயது வரை அந்த 11 வாரத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தோம். அவர்கள் தடுப்பூசிக்கும் அதையே கழித்துப் பார்த்ததால், எங்களுக்குத் தெரியவந்தபோது ஊசி மூன்று வாரம் தாமதமாகியிருந்தது. தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு. அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறோம்.

பிறந்து மூன்றரை மாதமானபோது, சளியுடன் இருந்த உறவினர் ஒருவர் வந்துபோன நான்காம் நாள், காலை ஐந்தரை மணிக்குத் தாய் எங்கள் எண்ணுக்கு அழைத்தார். "ரெண்டு தடவை எண்ணிட்டேன் சிஸ்டர். அறுபத்தெட்டு, அப்புறம் எழுபது. விலா எலும்புக்குக் கீழ உள்ள போகுது. பால் பாதிதான் குடிச்சா. கிளம்பிட்டோம்." நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் என்றால் வரவேண்டும் என்பதை அவர் நினைவில் வைத்திருந்தார். மூச்சுச் சிறுகுழாய் அழற்சி. மூன்று நாள் ஆக்சிஜன் தேவைப்பட்டது, வென்டிலேட்டர் வரை போகவில்லை. ஆக்சிமீட்டரை எடுத்துப் பார்த்தீர்களா என்று பின்னர் கேட்டேன். பாட்டரி தேட நேரமில்லை என்றார்.

செவிப் பரிசோதனை இயல்பாக இருந்தது. திருத்திய வயதில், அதாவது அந்த 11 வாரத்தைக் கழித்த கணக்கில், மூன்று மாதத்தில் உடலசைவுகளும், பன்னிரண்டு மாதத்தில் வளர்ச்சி மதிப்பீடும் வயதுக்கு ஏற்றபடி இருந்தன. பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பொருள் தெரிந்து இரண்டு சொல் சொல்கிறாள். தாய் மருத்துவரின் மேற்பார்வையில் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துவருகிறார். இரவில் ஒருமுறையாவது எழுந்து குழந்தையின் மூச்சைப் பார்க்காமல் இன்னும் தூங்க முடிவதில்லை என்கிறார்.

மாற்றியவை

கண் பரிசோதனைத் தேதி இப்போது டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் இல்லை. மஞ்சள் நிறத் தனி அட்டையில், 'பரிசோதனை இன்னும் முடியவில்லை' என்ற தலைப்புடன் இருக்கிறது. அன்று காலை நாங்களும் அழைக்கிறோம். நாற்பது நிமிடப் பாடத்தை உடைத்து, கடைசி இரண்டு வாரத்தில் நாளுக்கு ஒரு விஷயம் என்று ஆக்கியிருக்கிறோம். டிஸ்சார்ஜுக்கு முந்தைய வாரத்தில் நாளுக்கு ஒரு மணி நேரம் மானிட்டர் திரையைத் திருப்பிவைத்து, குழந்தையை மட்டும் பார்த்து நிலையைச் சொல்லும்படி பெற்றோரைக் கேட்கிறோம். அந்த நேரத்தில் திரையை எட்டிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் எங்கள் இளைய செவிலியர்கள்தான். மனச்சோர்வுக் கேள்விகளை வீட்டுக்குப் போகுமுன் ஒரு முறையும் மூன்றாம் வாரம் ஒரு முறையும் கேட்கிறோம். இரண்டாம் நாள் தொலைபேசியில் "நல்லா இருக்கீங்களா" என்று இப்போது கேட்பதில்லை. "கடைசியா எப்ப தூங்குனீங்க, எவ்வளவு நேரம்?" என்று கேட்கிறோம். அதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது.

தனி அறை மட்டும் இன்னும் ஒன்றுதான். இந்த மாற்றங்களுக்குப் பிறகும் இரண்டு குடும்பங்கள் அந்த ஓர் இரவு கிடைக்காமல் வீடு போயிருக்கின்றன. அப்படிப் போகிறவர்களின் பெயரைப் பலகையில் சிவப்பில் எழுதி, யார் விடுப்பில் இருந்தாலும் மூன்றாம் நாள் மாலை, தந்தையோ இரவில் விழித்திருப்பவர் யாரோ அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் போய்விடுகிறோம்.